அதற்குக் கட்டம் இல்லை

எங்கள் ஜமாஅத்தின் குடும்பப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான். பெயர் முகமது ரபீக். அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஊர், கோட்டைப்பட்டினத்துக்கும் கட்டுமாவடிக்கும் நடுவே கடலோரம்.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஊரில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணோடு இன்னும் மூன்று எண்கள்: வாப்பாவின் எண், உம்மாவின் எண், கணவன் அல்லது மனைவியின் எண். அவ்வளவுதான். யார் யாருக்கு மாமா, யார் யாருக்கு சாச்சா என்று எங்கேயும் எழுதுவதில்லை. இருவருக்கு வாப்பா எண் ஒன்றாக இருந்தால் உடன்பிறந்தவர்கள். அந்த வாப்பாவின் தம்பி என்றால் சாச்சா. இப்படி ஒரு படி மேலே, ஒரு படி பக்கத்தில் என்று ஏறி இறங்கி, யாரும் எழுதாத உறவை அது தானாகவே கண்டுபிடித்துவிடும்.

எல்லாம் ஏற்றி முடித்த முதல் நாள் பள்ளிவாசல் ஆபீசில் செயலாளர் தன் எண்ணையும் மீன் ஏலம் விடுகிறவர் எண்ணையும் போடச் சொன்னார். ஒரு நொடியில் விடை வந்தது: வாப்பாவின் சித்தப்பா மகன்.

"அட, என்னைய ஏலத்துல ஏமாத்துறவன் எனக்கு சாச்சாவா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நிக்காஹ் மனு வந்தால் மாப்பிள்ளை எண்ணையும் பெண் எண்ணையும் போட்டு, மணமுடிக்கக் கூடாத உறவு ஏதும் உண்டா என்று பார்த்துச் சீட்டுக் கொடுக்கலாம் என்பதும் என் யோசனைதான்.

இதற்கான தகவலைப் போன வருடம் வீடு வீடாகப் போய் எடுத்தோம். சம்சுன் நிஹார் மாமி வீட்டில் பேர், வயது எல்லாம் எழுதி முடித்துவிட்டு எழுந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். வாசல் வரை வந்து சொன்னார்:

"தம்பி, இந்தத் தெருவுல நாலு புள்ளைக்கு நான் பால் குடுத்திருக்கேன். பேரு சொல்றேன், அதையும் எழுதிக்கங்க."

ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. மதரசாவில் படித்த எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வெயில், இன்னும் முப்பது வீடு பாக்கி. தவிர, என் மூன்று எண்களின் அழகு கெட்டுப்போகும் என்று தோன்றியது.

"அதுக்குக் கட்டம் இல்ல மாமி," என்றேன். "பால் குடுத்தவங்களை எல்லாம் சேத்தா, அப்புறம் மாட்டையும்ல சேக்கணும்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு மாமியும் சிரித்தார்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு மனு வந்தது. பெண் பாசிலா, விசைப்படகு வைத்திருக்கும் ஷேக் பரீது மாமாவின் மகள். மாப்பிள்ளை முகமது அஸ்வர், ஷார்ஜாவில் வேலை. அவர்கள் குடும்பம் அறந்தாங்கிக்குப் போய் இருபது வருடமாகிறது. குடும்பப் பதிவு மட்டும் எங்கள் ஜமாஅத்திலேயே இருந்தது. எண்களைப் போட்டேன். 'தடுக்கப்பட்ட உறவு: இல்லை' என்று அச்சாகி வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நிக்காஹுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஞாயிறு காலையில் மாமி ஆபீசுக்கு வந்தார்.

"தம்பி, அதுல ஒண்ணு பாத்துச் சொல்றீங்களா? பத்திரிகையப் பாத்துத்தான் மாப்பிள்ளை யாருன்னே தெரிஞ்சுச்சு. அஸ்வரோட உம்மா புள்ளையப் பெத்துட்டு ஒரு மாசம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில நெனப்பில்லாமக் கெடந்துச்சு. அப்ப அஸ்வரோட வாப்பா புள்ளையத் தூக்கிட்டு வருவாரு, நான்தான் பால் குடுத்தேன். நாலு வருசம் கழிச்சு பாசிலாவுக்கும் குடுத்தேன். ஆனா நீங்க பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சீட்டுக் குடுத்துட்டீங்களாமே? அதான் எனக்கே பிசகிப்போச்சோன்னு... அது வேற புள்ளையா இருக்குமோ தம்பி?"

அந்த வாப்பா இப்போது உயிரோடு இல்லை. அஸ்வருக்குப் பால் கொடுத்தது மாமியைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் தலையை ஆட்டியிருந்தால் மாமி நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆட்டிவிடலாம் என்று ஒரு நொடி நினைக்கவும் செய்தேன்.

"ஒங்களுக்குப் பிசகல மாமி. நான் எழுதல."

"நான் சொன்னேனே?"

"சொன்னீங்க."

"சிரிப்புக்கு மாட்டைப் பத்திச் சொன்னீங்க. அப்புறமா எழுதியிருப்பீங்கன்னுல இருந்தேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தெரியாததும் இல்லாததும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். எழுதாததை அது இல்லை என்று எடுத்துக்கொள்ளும். 'எனக்குத் தெரிந்தவரை' என்று ஒரு வார்த்தை சேர்க்க அதற்குத் தெரியாது. நான்தான் சேர்த்திருக்க வேண்டும். என் 'இல்லை'யை நம்பி ஒரு தாய், தான் பாலூட்டிய பிள்ளை அதுதானா என்றே சந்தேகப்பட்டு என் முன்னால் நின்றார்.

மாமி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான்காவதாக ஓர் எண் சேர்த்தேன்: பால் கொடுத்த தாய். இருபது நிமிட வேலை. விதியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. உம்மா எண்ணை ஒப்பிடுகிற அதே வழிதான். அந்த இரண்டு எண்களையும் திரும்பப் போட்டேன். 'பால் குடி உடன்பிறப்பு' என்று உடனே வந்தது. எவ்வளவு சுளுவாக வந்தது! அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஷேக் பரீது மாமா வீட்டு வாசலில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்ச் சொன்னேன்.

"பாசிலாவுக்கு சம்சு லாத்தா குடுத்தது எனக்குத் தெரியும்," என்றார் பாசிலாவின் உம்மா. "அவனுக்கும் குடுத்தாளா?"

மாமா எழுந்துவிட்டார். "பத்திரிகை அடிச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு. இத்தனை நாளும் அந்தப் பொம்பளை வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தா?"

நான் பேசாமல் இருந்தால் பழி மாமி தலையில் போய் உட்கார்ந்துவிடும்.

"அவங்க சொல்லிட்டாங்க மாமா. போன வருசமே என்கிட்ட சொன்னாங்க. கட்டம் இல்லைன்னு சொல்லிட்டேன். மாட்டையும் சேக்கணுமான்னு கேட்டுச் சிரிச்சேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை. மாமா என்னை அடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறைக் கதவருகே பாசிலா நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கை நிறைய மருதாணி போட்டுப் பார்த்திருந்தாள்.

"நாலு மாசமா அவரோட தினம் பேசிக்கிட்டிருக்கேன் ரபீக் காக்கா," என்றாள். "இப்ப அவர அண்ணன்னு எந்த வாயால சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அஸ்வரின் எண்ணை அழுத்திப் போனை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லு புள்ள, என்ன காலையிலேயே?" என்றது சிரிப்போடு ஒரு குரல்.

"பாசிலா இல்ல. ரபீக் பேசுறேன்," என்றேன். "ஜமாஅத் ஆபீஸ்ல ஒங்களுக்குச் சீட்டுக் குடுத்தவன். அது தப்பான சீட்டு, தம்பி."