முழங்கால் என்று போடச் சொன்னார்

1
இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் என் நாத்தனார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். "எழுதுறதுன்னா எழுது. ஆனா வலி முழங்கால்லன்னு போடு. டிப்போவுல நாலு பேர் படிப்பாங்க."

அவர் பஸ் ஓட்டுகிறவர். வலி முழங்காலில் இல்லை. இடுப்புக் கூட்டின் அடியில், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து ஏந்தியிருக்கும் தசையில். உட்கார்ந்தால் கண்ணாடித் துண்டின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பார். எந்தப் பரிசோதனையிலும் எதுவும் தெரியவில்லை. அடிக்கடி விடுப்பு எடுத்ததால் டிப்போவில் ஓட்டிக் காட்டும் சோதனை ஒன்று வைத்திருந்தார்கள். அதில் தேறாவிட்டால் டிப்போ வாசலில் நின்று வண்டி எண் குறிக்கும் வேலைதான்.

2
முதல் தொடக்கம்: "அவளுடைய முழங்காலில் மழைக்காலத்தில் தொடங்கிய வலி..." [அடித்துவிட்டேன். முழங்கால் மூச்சோடு அசைவதில்லை. காரணம் பிறகு.]

இரண்டாவது: "பெண்ணின் உடல் என்பது..." [இப்படித் தொடங்குவதை நானே படிக்க மாட்டேன்.]

3
நாத்தனாருக்குச் சிகிச்சை தந்த பிசியோதெரபிஸ்ட்டை எழுதத்தான் பயந்தேன். கதைக்குள் வந்தால் இப்படிப்பட்டவர்கள் சீக்கிரம் ஞானியாகிவிடுவார்கள். நல்லவேளை, அன்று அந்தப் பெண்ணுக்குச் சளி. மூக்கை உறிஞ்சியபடியே பேசினார். "எந்த நிமிஷம் வேணாம்னு தோணினாலும் கைய தூக்குங்க, நிறுத்திடுவேன். பயிற்சி ஏதாவது செய்றீங்களா?"

"செய்யாம இருப்பேனா? போன்ல பாத்து, அந்தத் தசைய இறுக்கிப் பிடிக்கிறேன். சிக்னல்ல சிவப்பு விழுந்தா சும்மாதானே நிக்கிறேன்? பச்சை வர்ற வரைக்கும் பிடிப்பேன்."

"எந்த சிக்னல்ல?"

"எல்லா சிக்னல்லயும்தான்."

பிசியோ சிரிக்கவில்லை. அந்தப் பயிற்சி, தசை தளர்ந்தவர்களுக்கானது. நாத்தனாரின் தசைக்கோ பிடித்ததை விடத் தெரியவில்லை.

4
"தனியா படுத்துக்கெடக்க ஒரு மாதிரியா இருக்கு, நீயும் வா" என்று நாத்தனார் என்னையும் உள்ளே அழைத்துப்போனார். தசை இறுகுவதைக் கோடாகக் காட்டும் சிறு திரை அங்கே இருந்தது.

"மூச்ச மெதுவா உள்ள இழுங்க."

கோடு தாழ்ந்தது. மூச்சை விட்டபோது லேசாக ஏறியது. நுரையீரல் எங்கே, இது எங்கே! ஆனாலும் ஒவ்வொரு மூச்சுக்கும் இந்தத் தசைத் தளம் கீழிறங்கி இடம் விடுகிறது. நான் பிறந்ததிலிருந்து எனக்குள்ளும் இது நடந்துகொண்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. [முழங்கால் ஏன் ஆகாது என்று இப்போது புரிந்திருக்கும்.]

"இப்ப பஸ் ஓட்டிட்டு இருக்கீங்க. முன்னால சிவப்பு விழுது."

கோடு செங்குத்தாக எழுந்தது. கால் அசையவில்லை, முகமும் மாறவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு தசை, ஒரு சொல்லைக் காதில் வாங்கியிருந்தது.

"அடப்பாவி," என்றார் நாத்தனார், தன் வயிற்றைப் பார்த்து. "என்னைக் கேக்காமலே பிரேக் போடுதே!"

"நீங்க பழக்கினதுதான். நல்லா கத்துக்கிற ஸ்டூடண்ட் அது," என்ற பிசியோ தும்மினார்.

அதன் பிறகு சிவப்பு விழுந்தால் மூச்சை இழுத்துத் தளர்த்தப் பழகினார். "இறுக்குறத போன்லயே கத்துக்கிட்டேன். விடுறதுக்கு ட்யூஷன் போறேன் பாரு."

"அக்கா, முழங்கால் ஒத்துவரல," என்றேன்.

யோசித்தார். "சரி, உள்ளதையே போடு. டிப்போவுல பாதிப் பேருக்கு அங்கதான் வலி. வாயத்தான் தொறக்க மாட்டேங்குதுங்க."

5
முடிவு, ஒன்று: தேறினார், டிப்போவே கைதட்டியது. [பொய். டிப்போவில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.]

முடிவு, இரண்டு: பாதி வழியில் வலி திரும்பியது, வாசலில் நின்றபடி அவர்... [கை வரவில்லை.]

நான் இதை எழுதும் இந்த நேரத்தில் சோதனை நடக்கிறது. பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். முதல் சாலைச் சந்திப்பில் சிவப்பு. நாத்தனார் மூச்சை இழுக்கிறார். கால் பிரேக்கை அழுத்துகிறது. அடியில், யாரும் காணாத அந்தத் தளம்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. இதைப் படிக்கும் நீங்களும் அந்த இடத்தை இறுக்கிப் பிடித்திருக்கக்கூடும். கவனியுங்கள். மூச்சை இழுங்கள். அவசரமில்லை, பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. விட முடிகிறதா?

அந்த வாக்கியத்தை அங்கிருந்து நீங்கள் எழுதுங்கள்.