பின்பக்கம் பார்த்த இருக்கை

புரொப்பல்லர் ஒன்று வாங்கி வருகிறேன் என்று வேல்ராஜ் அண்ணாச்சியின் பழைய சாமான் கிட்டங்கிக்குப் போன கிளாட்வின், சாயங்காலம் முழுப் படகோடு வந்து இறங்கினான். கத்தரிக்காய் வாங்கப் போய்த் தோட்டத்தையே பேசி முடித்துவிட்டு வருகிற ஆள் அவன். எமில்டாவுக்கு இது புதிதில்லை என்றாலும் வாசலில் நின்ற லாரியைப் பார்த்ததும் ஒரு நிமிடம் மூச்சே நின்றுவிட்டது.

திரேஸ்புரத்தில் படகைப் பார்க்க யாரும் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார்கள். அன்றைக்கு வந்தார்கள். மூக்கு நீண்டு, உடம்பு தாழ்ந்து, பக்கவாட்டில் வெளிறிப்போன சிவப்புக் கோடுகளோடு இருந்தது அது. வலை வைக்க இடமில்லை, மீன் வைக்க இடமில்லை. நடுவில் இஞ்சினுக்கு ஒரு பெட்டி, அதன் முன்னால் இடுப்புயர இரும்புக் கம்பம் ஒன்று. மெத்தை இருக்கைகள் கிழிந்து பஞ்சு தொங்கியது. எலி ஒன்று அதில் குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

"இதுல என்னத்த பிடிக்கப் போறிய? தவக்களையா?" என்றாள் எமில்டா.

"பிடிக்கதுக்கு இல்ல ஏளா. இது ஸ்கீ போட்டு. எங்கனயோ ஒரு ரிசார்ட்ட மூடிட்டானாம், அங்கன கெடந்தது. அந்தக் கம்பத்துல கயித்தக் கட்டி, பின்னால ஆள இழுப்பானுவளாம். அவன் தண்ணி மேல நின்னுகிட்டே போவானாம்."

"எதுக்கு?"

கிளாட்வின் யோசித்தான். "சும்மாதான்."

சரிசெய்து விற்றுவிடலாம் என்பது அவன் கணக்கு. கன்னியாகுமரிப் பக்கம் படகுச் சவாரி நடத்துகிற ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதையெல்லாம் அவன் விளக்கிக்கொண்டிருக்க, எமில்டாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவள் அந்த 'சும்மா'விலேயே நின்றுவிட்டாள். சும்மா கடலுக்குப் போவதற்கென்றே ஒரு படகு செய்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

எமில்டாவின் அப்பா சங்கு குளித்தவர். தம்பி ஃபிராங்க்ளினுக்குத் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை. புருஷனுக்குச் சொந்த வள்ளம். சோறு, துணி, கழுத்துச் சங்கிலி எல்லாம் கடல் போட்டதுதான். ஆனால் கழுத்தளவு தண்ணீரைத் தாண்டி அவள் போனதில்லை. அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் வள்ளத்தில் கால் வைக்க மாட்டாள். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் பரீட்சை பண்ணிப் பார்த்ததும் இல்லை. ஆண்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வள்ளத்தைத் தள்ளிவிட்டால் கரையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, கரையில் நிற்பவர்கள் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து கடலில் போகிற கிளாட்வினின் முதுகைத்தான் எமில்டா பார்த்திருக்கிறாள். அந்த முதுகு அவளுக்கு மனப்பாடம்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஓர் ஆசை. கடலில் இருந்து பார்த்தால் கரை எப்படி இருக்கும்? தன் தெரு, மாதா கோவில், தான் நிற்கிற அந்த மணல், இதெல்லாம் அங்கிருந்து என்னவாகத் தெரியும்? அப்பாவிடம் கேட்டபோது, "சின்னதா இருக்கும்" என்றார். கிளாட்வினிடம் கேட்டபோது, "கரை மாதிரிதான் இருக்கும்" என்றான். வேறு யாரிடம் கேட்பது? கன்னியாகுமரியில் டிக்கெட் வாங்கிப் பாறைக்குப் போய் வந்திருக்கிறாள். அது பஸ் மாதிரி, யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது யாருடைய கரையோ. அதைப் பார்த்து அவள் ஆசை அடங்கவில்லை, கூடத்தான் செய்தது.

வேலை ஆரம்பித்தது. முதல் நாள் கிளாட்வின் படகுக்குள் குதித்தபோது தரைப்பலகை உளுத்துப்போய் முழங்கால்வரை உள்ளே போனான். வேல்ராஜ் அண்ணாச்சியை அவன் திட்டிய திட்டில் அண்ணாச்சிக்குக் கிட்டங்கியிலேயே புரையேறியிருக்கும். பலகையைப் பெயர்த்து, புது பிளைவுட் போட்டு, மேலே ஃபைபர் ஒட்டினான். ரெசின் வாடை வீடு முழுக்க அடித்தது; மீன்குழம்பிலும் அதே வாடை. ஃபிராங்க்ளின் வேலை முடிந்து வருகிற நாட்களில் இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீர் இழுக்கும் பம்பின் ரப்பர் காய்ந்து உதிர்ந்திருந்தது, அதற்கு மாற்று கிடைக்க கொச்சிவரை சொல்லிவைக்க வேண்டியிருந்தது.

இருக்கைகள் எமில்டாவின் பங்கு. ரெக்ஸின் வாங்கி வந்து தன் தையல் மிஷினில் தைத்தாள். ஊசி முறிந்துகொண்டே இருந்தது. ஓட்டுகிறவன் இருக்கை முன்னால் பார்த்திருந்தது. அதன் பக்கத்து இருக்கை மட்டும், யாரோ கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியதுபோல், பின்பக்கம் பார்த்திருந்தது.

"இவனுக்கு என்ன கிறுக்கா? கடலுக்குப் போறவன் எவனாச்சும் பின்னால பாத்து உக்காருவானா? இதக் கழட்டித் திருப்பிப் போட்டுருதேன்" என்று கிளாட்வின் ஸ்பேனரை எடுத்தான்.

"அதத் திருப்பிப் போட்டுராதிய அத்தான்," என்று சிரித்தான் ஃபிராங்க்ளின். "பின்னால இழுத்துட்டு வார ஆளப் பாக்கதுக்கு ஒரு ஆளு வேணும்லா. அதுக்குள்ள சீட்டு அது."

எமில்டா ஸ்பேனரைப் பிடுங்கி வைத்தாள். அந்த இருக்கையில் உட்கார்ந்தால் போகிற வழியெல்லாம் கரை தெரியும். அது அவளுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. மற்ற இருக்கைகளுக்கு ஒற்றைத் தையல் போட்டவள் அதற்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டாள்.

கேட்பதற்குத்தான் தைரியம் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, தட்டைப் பார்த்துக் கேட்டாள்: "விக்கதுக்கு முன்னால என்னைய ஒரு தடவ கூட்டிட்டுப் போவியளா? இது வள்ளம் இல்லல்லா. வலை ஏறாது, மீனு ஏறாது. சும்மா போற படகுதான்."

கிளாட்வின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் எதையும் கேட்கிற பெண்ணில்லை. கேட்டுவிட்டு அடுப்பைத் துடைப்பதுபோல் திரும்பி நின்ற அவளைப் பார்க்க அவனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"சரி. ஞாயித்துக்கிழமை போவோம். அன்னைக்கு யாரும் தொழிலுக்குப் போக மாட்டாவ, கடலு சும்மாதான கெடக்கும்" என்றான்.

திங்கட்கிழமை படகை எடுத்துப்போக லாரி வருவதாக இருந்தது. ஆக, அந்த ஒரு ஞாயிறுதான். அந்த வாரம் முழுக்க எமில்டா தெருவில் நடந்தாளா மிதந்தாளா என்று சொல்ல முடியாது. கட்டிக்கொடுத்த மகளின் பழைய சுடிதார் ஒன்றைப் பிரித்துத் தைத்து இடுப்பை அகலமாக்கிக்கொண்டாள்.

கிளாட்வினுக்கோ வேறு கவலை பிடித்துக்கொண்டது. மந்திரிக்காத படகை அவன் இதுவரை கடலில் இறக்கியதில்லை. அதுவும் எமில்டா ஏறப்போகிற படகு. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? அவளிடம் சொல்லாமலே பங்குச்சாமியாரைப் போய்ப் பார்த்தான். ஞாயிறு பூசை முடிந்ததும், படகை இறக்கி வைத்திருந்த கரைக்குச் சாமியார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னாலேயே தெருவும் வந்தது. படகின் மூக்கில் மல்லிகைச் சரம் சுற்றி, மெழுகுவர்த்தி ஏற்றி, செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார்கள். கிளாட்வின் பெயின்டால் 'பனிமய அன்னை துணை' என்று பக்கவாட்டில் எழுதியே வைத்திருந்தான். சாமான்ய சந்தோஷமா அவனுக்கு! எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தான்.

எமில்டா சுடிதாரைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, வெட்கப்பட்டுக்கொண்டே படகின் பக்கம் வந்தாள். கையை விளிம்பில் வைத்தாள்.

"ஏளா, என்ன செய்யுத?" என்றாள் அல்போன்சா. கிளாட்வினின் அக்கா, கெட்ட மனுஷி இல்லை, எமில்டாவின் பிரசவத்துக்கு இரவெல்லாம் கண்விழித்தவள். இப்போது அவள் முகத்தில் நிஜமான பயம் இருந்தது. "மந்திரிச்ச வள்ளத்துல பொம்பள கால் வைக்கலாமா?"

அதுவரை அது ஸ்கீ போட்டு. மல்லிகையும் தீர்த்தமும் பட்டு, மாதா பெயரையும் தாங்கியபிறகு, அது வள்ளம். வலை இல்லை, மீன் இல்லை என்று இனி யாரிடம் போய் வாதாடுவது? சாமியார், "அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது அம்மா, தாராளமாக ஏறலாம்" என்றுதான் சொன்னார். ஆனால் அவர் பிறந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில். ஆத்துமா விஷயத்தில் அவர் சொல்வது வேதவாக்கு. கடல் விஷயத்தில் யாரும் அவரைக் கேட்பதில்லை.

கிளாட்வின் கையில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு நின்றான். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று செய்த காரியம், அவளுடைய கதவைச் சாத்திவிட்டது.

எமில்டா விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். அல்போன்சாவை மீறி ஏறிவிடலாம். ஆனால் அடுத்த வாரம் இந்தத் தெருவில் ஒரு வள்ளத்துக்கு ஏதாவது வந்தால் அவள் கால்தான் பேசப்படும். பேசுகிறவர்களைக்கூட விட்டுத்தள்ளலாம். அவளே அதை நம்பிவிடுவாள், அதுதான் சங்கடம். நாளையோ மறுநாளோ கடலுக்குப் போகப்போவது அவள் புருஷன். முகத்தை மறைக்கத் தலைகுனிந்தபோது எதிரே அந்த இரும்புக் கம்பம் நின்றது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, கால் வைக்கத்தான கூடாது?" என்றாள்.

"ஆமா."

"பின்னால வரக் கூடாதுன்னு யாரும் சொல்லலல்லா?"

அப்படி ஒரு கேள்வி அந்தக் கரையில் யாரும் கேட்டதில்லை, அதனால் அதற்குத் தடையும் இருக்கவில்லை. முதலில் சிரித்தது சாமியார்தான்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. எமில்டா உட்கார லாரி டியூப் ஒன்றுக்குக் காற்றடித்து வந்து, அந்தக் கம்பத்தோடு கயிற்றால் பிணைத்தார்கள். ஃபிராங்க்ளின் தன் கப்பலின் ஆரஞ்சுநிற மிதவைச் சட்டையை அக்காவுக்கு மாட்டி வார்களை இறுக்கினான். "கயிறு எங்கிட்ட இருக்கட்டும் அத்தான். அப்பா சங்கு குளிக்கப் போனா மாமாதான கயிறு பிடிப்பாவ? முறைப்படி பொண்டாட்டியோட தம்பிதான் பிடிக்கணும்."

"அது புருஷன் தண்ணிக்குள்ள இருந்தா. இப்பம் தண்ணிக்குள்ள இருக்கது பொண்டாட்டி. நீ ஓட்டு மாப்ள," என்றான் கிளாட்வின்.

கயிற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் உட்கார ஓர் இடம்தான் உண்டு. கிளாட்வின் போய் அந்தப் பின்பக்கம் பார்த்த இருக்கையில், இரட்டைத் தையலின்மேல், கொஞ்சம் கூச்சத்தோடு உட்கார்ந்தான்.

தண்ணீரில் தள்ளிவிட்ட படகு மெல்ல நகர்ந்தது. கயிறு தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து விறைத்தது. டியூப் ஒரு வெட்டு வெட்டி இழுபட்டபோது எமில்டா மாதாவை உரக்கக் கூப்பிட்டாள், கரையிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் ஃபிராங்க்ளின் வேகத்தைக் கூட்டினான். படகின் மூக்கு தூக்கி இறங்கியது. உப்புத்தண்ணீர் முகத்தில் சாத்தியது. கழுத்தளவு, ஆளளவு, அப்புறம் அளவே இல்லாத தண்ணீர் அவளுக்குக் கீழே ஓடியது. பயமும் சிரிப்பும் எது எதென்று தெரியாமல் கலந்து வந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நேர் எதிரே கிளாட்வினின் முகம்.

கடலில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. முட்டியில் ஊன்றிய கைகளோடு, இமைக்காமல், கயிறு முடிகிற இடத்தில் இருந்த அவளையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் அலையில் டியூப் தூக்கியடித்தபோது பாதி எழுந்துவிட்டான். அவள் கையைக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தான். உதடு எதையோ முணுமுணுத்தது, 'அருள் நிறைந்த மரியே' செபமாகத்தான் இருக்கும். இத்தனை வருஷம் கரையில் நின்று அவள் வைத்திருந்த முகம் அது. இப்போது அவனிடம் இருந்தது.

திரும்பி வந்து கரையேறியதும் அல்போன்சா ஓடிவந்து துண்டால் தலையைத் துவட்டினாள். "கரையப் பாத்தியா? எப்படி ஏளா இருந்துச்சு?" என்று காதருகில் கேட்டாள். ஆசை அவளுக்கும் இருந்திருக்கிறது.

"சின்னதா இருந்துச்சு மதினி," என்றாள் எமில்டா.

திங்கட்கிழமை லாரி வந்தது. அதற்காகவே கிளாட்வின் அன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை. படகைத் தூக்கி ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். லாரி தெருவில் ஊர்ந்துபோனபோது எல்லா இருக்கைகளும் போகிற திசையைப் பார்த்திருக்க, அந்த ஒன்று மட்டும் எமில்டாவைப் பார்த்துக்கொண்டே போனது. முனை திரும்பி மறையும்வரை அவள் வாசலை விட்டு அசையவில்லை.

"நான் கரையப் பாக்கவே இல்லைங்க," என்றாள் மெதுவாக.

கிளாட்வின் திகைத்தான். "பின்ன, சின்னதா இருந்துச்சுன்னு அக்காட்ட சொன்ன?"

"அது அப்பா சொன்னது."

"அடக் கிறுக்கி! அதுக்காகத்தான அம்புட்டுத் தூரம் வந்த? போவும்போதுதான் என் மூஞ்சிப் பக்கம் திரும்பி இருந்த, சரி. வரும்போது எதிர்த்தாப்புல கரைதான கெடந்துச்சு? அப்பமும் பாக்காம என்னத்தப் பாத்த?"

"ஒங்களத்தான்," என்றாள் எமில்டா.