விழாத பால்கனி

மூன்றாம் மாடி பால்கனி சுவரைவிட்டுக் கழன்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கழன்றதே தவிர, விழவில்லை. தையல் மிஷினையும் அதை மிதித்துக்கொண்டிருந்த தையலக்காவையும் சுமந்தபடி, சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி அந்தரத்தில் நின்றுவிட்டது. கீழே காய்கறிக்காரர் வண்டியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார். தையலக்கா எட்டிப் பார்த்தாள். கையில் வேலை பாதியில் இருந்ததால், சட்டைக்குக் காலர் வைத்து முடித்துவிட்டுத்தான் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் சமையலறைக் கதவைக் கழற்றிக் குறுக்கே போட்டார். அந்தக் கதவு எப்படியும் கையோடு வருகிற நிலையில்தான் இருந்தது.

அந்தக் கட்டடத்தில் எதுதான் ஒழுங்கு? மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. சுவிட்சைத் தொட்டால் சுரீரென்று இழுக்கும். விரிசலைக் காட்டினால் வீட்டுக்காரர் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டு, இன்னும் நூறு வருஷத்துக்கு அசையாது என்பார். அசைந்துவிட்ட பிறகு பழியைத் தூக்கித் தையலக்கா தலையில் போட்டார். மிஷின் ஆட்டிய ஆட்டத்தில்தான் பால்கனி கழன்றதாம்; வீட்டைக் காலி பண்ணவேண்டுமாம். பிள்ளைகள் வளர்ந்த வீடு, பிழைப்பெல்லாம் அந்தத் தெரு. தையலக்கா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். நேராகப் போய் போலீசில் புகார் கொடுத்தாள்.

வழக்கு இழுத்த இழுப்பில் இரண்டு மழைக்காலம் போயிற்று. பால்கனி நனைந்து காய்ந்தது, அதில் புறா குஞ்சு பொரித்தது, தையலக்காவின் மகள் அங்கே உட்கார்ந்து படித்துப் பரீட்சையில் தேறினாள். வீட்டுக்காரரின் வக்கீல் கெட்டிக்காரர். எதுவும் விழவில்லை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அப்புறம் குற்றம் எங்கே என்று கேட்டார். நேரில் பார்த்துவிடலாம் என்று நீதிபதி அம்மாவே கிளம்பி வந்தார். தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் நிதானமாகச் சொன்னார்.

"பத்திரமான கட்டடம்னுதானே சொல்றீங்க? நான் எழுதி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் அதுக்குக் கீழ போய் நில்லுங்க."

வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனார். வக்கீல் கண்ணைக் காட்டுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"வேணாங்கம்மா. உள்ள கம்பியே போடலைங்க. எந்த பால்கனியிலயும் போடலை."

ஆபத்து என்று தெரிந்தே ஆட்களைக் குடிவைத்த குற்றத்துக்கு ஒரு வருஷம் சிறை, கட்டடம் முழுவதையும் அவர் செலவிலேயே சீர்செய்யவேண்டும், தையலக்கா குடியிருப்பை யாரும் தொடக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. தையலக்கா அழுதுகொண்டே சிரித்தாள். கொத்தனார்கள் கம்பி கட்டிப் புது பால்கனிகள் வைத்தார்கள். புதியதற்கு இடம் விட்டுப் பழையது தானாகக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டது. நகராட்சி அதற்குத் தனிக் கதவு எண் கொடுத்தது. காற்றோட்டமாக இருக்கிறதென்று தையலக்கா இன்னமும் அங்கேதான் தைக்கிறாள்.

சிறையிலிருந்து வந்த வீட்டுக்காரருக்கு ஒரு பேண்ட்கூட இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார். பேண்டைக் காய்கறிக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுகொண்டார்.

"மேல வாங்க சார், அளவு எடுக்கணும்" என்றாள் தையலக்கா.

"இங்கேருந்தே சொல்றேன்மா, எழுதிக்கோ."

பஸ் இரைச்சலில் கேட்கவில்லை என்று அவள் காதைக் காட்டினாள். உண்மையிலேயே கேட்கவில்லையா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். வீட்டுக்காரர் தம் இடுப்பளவைத் தொண்டை கிழியக் கத்தினார். தெருவே நின்று அவரை வேடிக்கை பார்த்தது. பால்கனியை ஒருவரும் பார்க்கவில்லை.