ஐந்து ஏரி, ஆறு கல்

என் கணவர் தராசு பழுது பார்ப்பவர். மளிகைக்கடைத் தராசிலிருந்து லாரியோடு ஏற்றி நிறுக்கும் எடைமேடை வரை எது மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பொருளைக் கையில் வாங்கி இரண்டு தரம் குலுக்கிவிட்டு எடையைச் சொல்லிவிடுவார். நான் அச்சகத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் எடையில் பிழை பிடிப்பார், நான் எழுத்தில். வீட்டுக்கு வந்தபின் ஒருவரில் ஒருவர்.

அந்த வருடம் அவருடைய காதுக்குக் கீழே, கழுத்தில், சின்னதாக ஒரு கட்டி வந்தது. ஆறு மாதமாகியும் கரையவில்லை. டாக்டரிடம் காட்டலாம் என்றால் விரலால் அதை நெருடிப் பார்ப்பார்.

"எட்டு கிராம்கூடத் தேறாது. இதுக்குப் போய் டாக்டரா?"

"ஏங்க, கட்டியை யாராவது எடை போட்டுப் பாப்பாங்களா?"

"வேற எப்படிப் பாக்குறது, புரூஃப் மேடம்? ஒற்று விட்டிருக்கான்னா?"

கெஞ்சிப் பார்த்தேன். மூன்று நாள் பேசாமல் இருந்தும் பார்த்தேன். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மலைமேல் இருக்கும் ஐந்து ஏரிகளையும் சைக்கிளில் சுற்றிவர வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பேச்சில் இருந்தது. போவோம் என்றார். ஏற்றத்தில் யார் முதலில் இறங்கி சைக்கிளைத் தள்ளுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். அவர் தோற்றால் ஊர் திரும்பிய மறுநாளே டாக்டர். நான் தோற்றால் டாக்டர் என்ற சொல்லையே ஆயுளுக்கும் எடுக்கக் கூடாது.

"உங்க கால் என் காலைவிட நீளம். இது என்ன நியாயம்?"

"உன் நாக்கு என் நாக்கைவிட நீளம். சரியாப் போச்சு."

முதல் ஏற்றத்தில் இருவருமே இறங்கவில்லை. முதல் ஏரிக்கரையில் நாங்கள் போய் நின்றபோது மூடுபனி இன்னும் தண்ணீரை விட்டு எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது விலக, எதிர்க்கரையில் ஒரு படகும் அதில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாயும் தெரிந்தன. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கரையோரமாகக் குனிந்து குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீரில் விட்டெறியத்தான் என்று நினைத்தேன். எத்தனை வருடம் குடும்பம் நடத்தினாலும் சில விஷயங்களில் நமக்கு அறிவு வருவதில்லை.

மறுநாள் இரண்டாவது ஏற்றம். நேற்று ஏறியது என் கால்கள்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. தொடை இரண்டும் கெட்டித்துப்போயின. பின் சக்கரத்தை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அவர் சீட்டியடித்துக்கொண்டு முன்னால் போனார்.

"என்ன மேடம், வேகத்துல ஏதோ பிழை தெரியுதே?"

"உங்க வேலையைப் பாத்துட்டுப் போங்க!"

அவர் வளைவில் மறைந்ததும் நான் இறங்கிவிட்டேன்.

ஆமாம், இறங்கினேன். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு நாற்பது அடி நடந்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். மரத்தடியில் ஒரு ரோடு ரோலர் நின்றிருந்தது. அதன் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, பின்னாலிருந்து தள்ளிவிடட்டுங்களா?"

ரோலர்காரர் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயில் விரல் வைத்து அவரைப் பார்த்தேன். அவரும் பதிலுக்கு வாயில் விரல் வைத்தார். வளைவுக்கு முன்னாலேயே ஏறிக்கொண்டேன்.

இரண்டாவது ஏரி பச்சை நிறம். சுற்றியிருந்த மரமெல்லாம் அதற்குள் தலைகீழாக நின்றன. என்னால் எதையும் ரசிக்க முடியவில்லை. ஏனென்றால் ஏரிக்கரை டீக்கடைக்கு அந்த ரோலர்காரரும் வந்து சேர்ந்தார், ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு.

"அடடே, இந்த அக்காதானே அந்த வளைவுல..."

"அண்ணே, முட்டை சாப்பிடுங்க!" அவித்த முட்டைத் தட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இல்லக்கா, இப்பதான் சாப்பிட்டு..."

"அதனால என்ன, இன்னொண்ணு சாப்பிட்டா வயிறு வேணாம்னா சொல்லும்?"

அவர் முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். தப்பித்தோம் என்று கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. ரோலர் எத்தனை டன்னுன்னு கேட்டுட்டிருந்தேன்."

அடுத்த நாள் காலையில் விடுதி அறையில் சோப்பைத் தேடி என் சைக்கிள் பையில் கைவிட்டேன். துண்டுக்குள் சுற்றி மூன்று கற்கள். இன்னொரு பக்கத்துப் பையில் மூன்று. வண்டி எந்தப் பக்கமும் சாயாதபடி தராசுக்காரக் கை பங்கு பிரித்திருந்தது. அவர் கண்ணாடி முன்னால் முகத்தில் நுரையோடு பாடிக்கொண்டிருந்தார்.

என் நாற்பது அடிக்கு அதுவரை மனசு உறுத்திக்கொண்டிருந்தது. கல்லைப் பார்த்ததும் உறுத்தல் போய்விட்டது. ஆறையும் அள்ளி, அவர் சவரம் முடிப்பதற்குள், அவருடைய இடப்பக்கப் பையில் பம்புக்கு அடியில் திணித்தேன். பங்கு பிரிக்க எனக்கு எங்கே நேரம்?

அடுத்த இரண்டு ஏற்றங்களிலும் அவருக்குப் பின்னால்தான் போனேன். வண்டி குடிகாரனைப் போல இடப்பக்கமே சாய்ந்தது. மேடு செங்குத்தான இடங்களில் அவர் முதுகு முழுக்க வேர்வை. இப்போது இறங்குவார், இப்போது இறங்குவார் என்று பார்த்துக்கொண்டே போனேன். ஆனால் மூன்றாவது ஏரியும் வந்தது, நான்காவதும் வந்தது, மனிதர் இறங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு ஏரிதான். இவர் ஏறிவிட்டால் அந்தக் கட்டியைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது.

கடைசி ஏற்றம் அப்படியொன்றும் கடினமில்லை. காற்று மட்டும் எதிரில் அடித்தது. ஏரி மேலே, கைக்கெட்டும் தூரத்தில், வெள்ளித் தட்டைச் சாய்த்து வைத்ததுபோல் மின்னிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகூட ஏறிவிடும் ஓர் இடத்தில் அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். என்னைப் பார்த்துக்கொண்டே நாலடி தள்ளினார்.

"தோத்துட்டேன்."

சைக்கிளை நிறுத்தி, இடப்பக்கப் பையைத் திறந்து, ஆறு கற்களையும் எடுத்தார். இரண்டு கையிலும் மூன்று மூன்றாக ஏந்திக் குலுக்கினார்.

"ரெண்டு கிலோ எழுநூறு. எல்லாத்தையும் ஒரே பையிலயாடி போடுவாங்க? ரெண்டு நாளா வண்டியை நேரா ஓட்ட முடியலை."

"தெரிஞ்சே சுமந்தீங்களா? எடுத்துப் போட வேண்டியதுதானே?"

"எடுத்துட்டா எதைச் சொல்லித் தோக்கிறது?"

ஊர் திரும்பிய மறுநாள் போனோம். டாக்டர் கட்டியை அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது, "இன்னும் நாலு மாசம் விட்டிருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இவர் கேட்ட ஒரே கேள்வி அதன் எடை என்ன என்பதுதான். பதினொரு கிராம். மூன்று கிராம் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் பன்னிரண்டு வருடம் இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ என் பையில கல்லைப் போட்டு ஜெயிச்சா" என்பார். முதலில் கல் போட்டது யார் என்று நான் கேட்பேன். நாற்பது அடியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

போன வருடம் அவருக்கு இதயம் தளர்ந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு மத்தியானம், ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். ரெண்டாவது ஏத்தத்துல நான்தான் முதல்ல இறங்கினேன். நாப்பது அடி தள்ளிட்டுப் போனேன்."

அவர் சுளையை மென்று முடித்தார்.

"அம்பத்திரண்டு."

"என்னது?"

"அம்பத்திரண்டு அடி. ரோலர்காரர் எண்ணிட்டே இருந்தாராம். உன் முட்டையைத் தின்னுட்டு என்கிட்ட சொல்லிட்டார்."

"அப்ப ஜெயிச்சது நீங்கதானே? அன்னைக்கே ஏங்க சொல்லலை?"

"ஜெயிச்சுட்டேன்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்குப் பயமே வந்துச்சு" என்றார். "ராத்திரி கழுத்துல கை வச்சுப் பாத்தேன். எடை தெரியலை."

கையை நீட்டினார். இன்னொரு சுளை கொடுத்தேன்.

"அம்பத்திரண்டு" என்றார் மறுபடியும், வாயில் சுளையோடு.

ரோலர்காரர் கூட்டிச் சொல்லியிருக்கிறார். நாற்பதுதான். இங்கே எழுதி வைக்கிறேன். மறுத்துச் சொல்ல இப்போது ஆளில்லை.