வாளிக்குச் சிங்களம்

கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மகள் கௌரியின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாரை வார்க்க வேண்டிய கதிர்காமநாதனுக்கு, யாராவது வலக்கையைப் பிடித்தாலே உள்ளங்கை நெருப்பாய் எரிந்தது. இருபத்துமூன்று வருட நோவு. எலும்பைப் படம் பிடித்தார்கள், நரம்பைச் சோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாதது இப்படியா எரியும்?

வெள்ளவத்தையில் டொக்டர் மர்லியா மட்டும் நம்பினார். கௌரியும் மனைவியும் கூட வந்திருந்தார்கள்.

“நோவு பொய்யில்ல, அங்கிள். மூளைக்குள்ள பாதாம் பருப்பளவில ஒண்டு இருக்கு. ஆபத்தெண்டா மணியடிக்கிறது அதுதான். நெற்றிப்பக்க மூளை ‘முடிஞ்சுது, நிப்பாட்டு’ எண்டு சொல்லோணும். உங்களுக்கு மணி நிக்கேல்ல. நோவையும் அது கூட்டிவிடும். எப்ப தொடங்கினது?”

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரம். கொழும்புக் காலி வீதியில் தமிழரைத் தேடி பஸ்ஸை மறித்தவர்கள் ஒரு வாளியைக் காட்டி, சிங்களத்தில் அதன் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். ‘பால்திய.’ ‘அன்பு’ என்பதில் வரும் ‘ப’வைச் சொல்லின் தலையில் வைக்கவேண்டும். பழகாத தமிழ் நாக்குக்கு அது வராது. வேலைசெய்த கந்தோரில் பதினைந்து வருடம் சிங்களம் கதைத்த கதிர்காமநாதன் தப்பினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலே நாளான மச்சான் சிவபாதம், அவர் மனைவி சரோஜினியின் ஒரே தம்பி, அவர் கையைப் பிடித்தபடி நின்றான். அவனுக்கு வரவில்லை.

“என்ர பிடியிலயிருந்து பறிச்சுக்கொண்டு போட்டாங்கள்” என்றுதான் அன்று வீட்டில் சொன்னார், இப்போது டொக்டரிடமும். அன்றுமுதல் சரோஜினி, “என்ர தம்பியை விடாத கை” என்று சொல்லிச் சொல்லி எண்ணெய் தடவுவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் கைதான் எரிந்தது.

“அந்தச் சொல்லைச் சொல்லுங்க, அங்கிள். இங்க ஒருத்தரும் மறிக்க மாட்டாங்க. மணிக்கு அது விளங்கோணும். கௌரி, அப்பாட கையைப் பிடிங்க.”

கௌரி பிடித்தாள். எரிந்தது.

“பால்திய.” சுத்தமான உச்சரிப்பு. அவருக்கு வெட்கமாக இருந்தது. இன்னொருதரம் சொன்னார். மூன்றாந்தரம் வாயில் வேறொன்று வந்தது.

“அவங்கள் பறிக்கேல்ல. நான்தான் உதறினனான். இவனைத் தெரியாதெண்டும் சொன்னனான். அதுகும் நல்ல சிங்களத்தில.”

கௌரி கையை விடவில்லை. எரிச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. அந்தச் சுகத்தை அவரால் தாங்க முடியவில்லை, குழந்தைபோல அழுதார்.

கதவோரக் கதிரையிலிருந்து சரோஜினி எழும்பினாள்.

“அப்ப... அவன் உங்களைப் பார்த்தவனோ?”

“ஓம்.”

அவள் கிட்ட வந்து, மகளின் கையை அவர் கையிலிருந்து பிரித்தெடுத்தாள்.

“இந்தக் கையால என்ர பிள்ளையைத் தாரை வார்க்க வேண்டாம்.”