தபால்காரர் மீது குற்றப்பத்திரிகை

துப்பறியும் கதை படிக்கிறவர்களைப் போலப் பொல்லாதவர்களைப் பார்ப்பது கடினம். கொலை செய்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். கொலை நடந்த அறையின் சாவி புத்தகத்தில் இடது பையில் இருந்து, தொலைக்காட்சியில் வலது பையிலிருந்து வெளியே வந்துவிட்டால், அதை எடுத்த இயக்குநரை மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள்.

அப்படிப்பட்ட பதினோரு பேர் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கூடுவார்கள். நாற்காலிகள் அங்கே ஏற்கெனவே இருந்தன, சுவரில் தொலைக்காட்சி இருந்தது, விடுமுறை நாளில் பல்வலியோடு யாரும் வந்து கதவைத் தட்டுவதும் இல்லை. முந்தின நாள் ஒளிபரப்பான 'தபால்காரர்' தொடரை மருத்துவர் பதிவு செய்து வைத்திருப்பார். அதை எல்லாரும் சேர்ந்து பார்த்துவிட்டு, சேர்ந்து திட்டுவார்கள்.

தபால்காரர் என்பவர் முப்பத்தொரு நாவல்களின் நாயகர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊரின் ஒவ்வொரு வாசலும் மனப்பாடமாக இருப்பதால் கொலைகாரர்களைக் கண்டுபிடிக்கிறவர். புத்தகத்தில் குள்ளம், தொப்பை, நாய்களைக் கண்டால் ஆகாது. தொலைக்காட்சியிலோ ஆறடி உயரத்தில் ஒரு அழகர் வந்து நின்றார், நாய்கள் வாலாட்டிக்கொண்டு ஓடிவந்தன. முதல் வருடம் முழுக்கக் கூட்டம் இதற்காகவே கொதித்தது. அப்புறம் பழகிவிட்டது, கொதிப்பதற்கு வேறு காரணங்களும் கிடைத்தன.

ஒவ்வொரு வாரமும் தொடர் முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டில் குறைகளை எழுதிக் கூடையில் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. மருத்துவர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். இதற்குக் குற்றப்பத்திரிகை என்று பெயர். பாராட்டு எழுதுவதற்குத் தடை எதுவும் இல்லை, ஆனால் அந்தத் தவறை யாரும் செய்ததில்லை.

அந்தப் பதினோரு பேரில் மிகவும் கறாரானவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவள். தொலைக்காட்சியில் விஷம் குடித்தவன் நாற்பது நொடியில் செத்தால், "அந்த மருந்துக்கு ஆறு மணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள அவன் உயில மாத்தி எழுதியிருக்கலாம்" என்பாள். கூட்டம் அவளுக்குத் 'தணிக்கை' என்று பெயர் வைத்திருந்தது. யாரும் யாருடைய வீட்டைப் பற்றியும் விசாரிப்பதில்லை என்பது அங்கே சொல்லப்படாத விதி. அதனால்தான் ஒன்பது வருடமாக அவளால் ஒரு விஷயத்தை மறைக்க முடிந்தது. அந்தத் தொடர் வேறு மொழியில் எடுக்கப்பட்டது. நம் மொழியில் தபால்காரருக்குக் குரல் கொடுப்பவர் அவளுடைய கணவர்.

கூட்டம் முடியும்போது சீட்டுகளை எல்லாம் அவள் ஒரு தாளில் படி எடுத்துக்கொள்வாள். "என் டைரிக்கு" என்பாள். வீட்டில் கணவர் சாப்பாட்டு மேசையில் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவள் ஒவ்வொரு குற்றமாக வாசிப்பாள், அவர் குறித்துக்கொள்வார். அவளுடைய சொந்தக் குற்றச்சாட்டைக் கடைசியில் வாசிப்பாள். அதுதான் எப்போதும் எல்லாவற்றையும்விடக் காரமாக இருக்கும். அவர் சிரித்துக்கொண்டே, "கட்டினவனாச்சேன்னு கொஞ்சம் பாவம் பார்க்கக் கூடாதா?" என்பார். "பாவம் பார்த்தா தபால்காரர் கெட்டுப்போவார்" என்பாள். மற்ற தம்பதிகள் கைகோத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிற நேரத்தில் இவர்கள் இப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள்.

இந்த வருடம் அவருடைய குரல்நாணில் ஒரு சிறு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள், ஆபத்தான கட்டி இல்லை. ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். அவர் சிலேட்டில் எழுதிக் காட்ட, அவள் பதில் சொன்னாள். அந்த ஆறு வாரமும் வீட்டில் அவள் குரல் மட்டும்தான் கேட்டது, அவளுக்கே அது அலுத்துப்போனது. பிறகு அவர் குரல் திரும்பி வந்தது. ஆனால் பழைய குரல் வரவில்லை. ஓரங்களில் சொரசொரத்தது. நீளமான வாக்கியத்தில் பாதியிலேயே மூச்சு தீர்ந்தது.

தொடரில் இன்னும் ஆறு பகுதிகள் பாக்கி. நாலு மாதம் அவருக்காகவே நிறுத்தி வைத்திருந்த ஒலிப்பதிவு மேலாளர், "ஒரு பகுதிக்குப் பேசிப் பாருங்க. அது சனிக்கிழமை ஒளிபரப்பாகட்டும். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்து மீதி அஞ்சுக்கும் பேசறீங்களா, இல்ல வேற ஆள் பார்க்கவான்னு நீங்களே சொல்லுங்க" என்றார். கணவர் வீட்டுக்கு வந்து அவளிடம் ஒன்றுதான் சொன்னார். "என் காதை நான் நம்பலை. உங்க ஆளுங்க என்ன சொல்றாங்களோ, அதுதான் முடிவு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் காத்திருப்பு அறையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தொடர் ஓடியது. வழக்கம்போல ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள்.

"பெரிய நடிகரைக் கொண்டுவந்து சமையல்காரன் வேஷம் குடுத்திருக்கான் பாருங்க. இவன்தான் கொலைகாரன்னு தலைப்பு போடும்போதே தெரிஞ்சிடுச்சு" என்றாள் கணக்கு டீச்சர்.

"புத்தகத்துல கடைசிப் பத்துப் பக்கம் வரைக்கும் எழுதினவர் மூச்சு விட மாட்டார். இங்க அந்த மியூசிக்காரன் முதல் காட்சியிலேயே கோள் சொல்லிடறான்" என்றாள் பேருந்து ஓட்டுகிற அம்மாள். நகரப் பேருந்தில் இருபது வருட அனுபவம், முப்பத்தொரு நாவலையும் மூன்று முறை படித்தவள். நூற்றுப்பத்துப் பயணிகளை ஒரு பார்வையில் அடக்குகிற கண் அவளுக்கு.

பிறகு தபால்காரர் வாயைத் திறந்தார். அறை அமைதியானது. கடைசிக் காட்சியில் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துக் கொலை நடந்த விதத்தை விளக்கும்போது அந்தக் குரல் மூன்று இடத்தில் தடுக்கியது. மருந்துக்கடைக்காரி மடியில் வைத்திருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மருத்துவர் சீட்டுகளை வாசித்தார். பாதிக்கு மேல் குரலைப் பற்றித்தான். 'தபால்காரரின் தொண்டையில் யாரோ உப்புக்காகிதம் தேய்த்திருக்கிறார்கள்.' 'நீள வசனங்களில் படியேறியவர் மாதிரி மூச்சு வாங்குகிறது.' 'சமையல்காரனிடம் கேட்கும் சின்னக் கேள்விகள் முன்னைவிட நன்றாக இருக்கின்றன, ஆனால் விளக்கம் சரியில்லை.' ஒரே ஒரு சீட்டு வெற்றாக இருந்தது. மருத்துவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பிறகு அதைக் கீழே வைத்தார்.

அன்றைக்கு அவள் படி எடுக்கவில்லை. கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் பென்சில் சீவித் தயாராக இருந்தது. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள்ளாகவே, "எத்தனை?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க. எல்லாருக்கும் பிடிச்சிருந்தது."

"டாக்டருக்கும்?"

"ஆமா."

"பஸ் ஓட்டற அம்மா?"

"அவங்களும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க."

"நீ?"

"எனக்கும் நல்லா இருந்தது" என்றாள். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். திரும்பி வந்தபோது அவர் பென்சிலை டப்பாவில் போட்டு மூடியிருந்தார். நல்ல பசி இருந்தும் அரை வயிறு சாப்பிட்டார். அவளிடம் கோபமாகப் பேசவில்லை. 'தண்ணி வேணுமா' என்று இரண்டு முறை கேட்டார். ஆறுதலாக ஒரு பொய் சொல்லிவிட்ட திருப்தியில் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். மனைவிகளும் சில நேரம் இவ்வளவு முட்டாளாக இருப்பார்கள்.

திங்கட்கிழமை காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, "பதினோரு மணிக்கு ஸ்டூடியோ போறேன்" என்று மட்டும் சொன்னார். அவள் கடைக்கு வந்தாள். பத்தரை மணி வாக்கில் பேருந்து ஓட்டுகிற அம்மாள் சீருடையோடு கடைக்குள் வந்து நின்றாள். முதுகுவலித் தைலம் கேட்டாள். அதோடு ஒரு பழுப்பு உறையையும் மேசைமேல் வைத்தாள்.

"நேத்துச் சீட்டெல்லாம் இதுல இருக்கு. நீங்க எழுதிக்காமலே போயிட்டீங்க. வீட்டுக்காரருக்கு உடம்பு தேவலையா?"

"எந்த வீட்டுக்காரர்?" என்றாள் அவள். கையிலிருந்த தைலப் புட்டி மேசையில் இடித்தது.

"அட, விடுங்கம்மா. ஆறு வருஷமா எங்களுக்குத் தெரியும். தபால்காரர் 'ம்' கொட்டறது எருமை கனைக்கிற மாதிரி இருக்குன்னு நான் ஒரு தடவை எழுதினேன். மூணு வாரத்துல அந்த 'ம்' மாறிப்போச்சு. ஸ்டூடியோவுக்கு நாங்க போட்ட கடுதாசி எதுக்கும் பதிலே கிடையாது. அப்போ யாரோ இங்கிருந்து போய்ச் சொல்றாங்க. டாக்டர் காலண்டர்ல குறிச்சுக்கிட்டே வந்தார். நீங்க காய்ச்சல்ல வராத ரெண்டு வாரம் நாங்க சொன்னதுல ஒண்ணுகூடத் திருந்தலை. அப்புறம் கண்டுபிடிக்கிறது பெரிய வித்தையா? நாங்க என்ன இத்தனை வருஷமா கோலப் புத்தகமா படிச்சோம்?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம் ஏன் யாரும் கேக்கலை?"

"கேட்டா நீங்க கூச்சப்பட்டு வரமாட்டீங்க. அவர் காதுக்குப் போகும்னுதான் நாங்களும் பார்த்துப் பார்த்து எழுதறது. நேத்து நாங்க எழுதினதுக்கு என்ன சொன்னார்?"

"ஒண்ணுமே இல்லை, எல்லாருக்கும் பிடிச்சிருந்ததுன்னு சொல்லிட்டேன்."

பேருந்து ஓட்டுகிற அம்மாள் தைலப் புட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "ஒன்பது வருஷத்துல ஒருநாளாவது நாங்க அப்படிச் சொல்லியிருக்கமா? சாகப் போறவங்களைப் பார்க்கப் போனாத்தான் அப்படிச் சொல்லிட்டு வருவாங்க. அந்த மனுஷன் என்ன நினைச்சிருப்பார்?"

அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தண்ணீர் வேணுமா என்று இரண்டு முறை கேட்டதும் இஸ்திரிச் சட்டையும் விளங்கின. அவர் வேலையை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டு வரப் போயிருக்கிறார். ஒரு நோயாளிக்குச் செய்கிற மரியாதையை அவள் அவருக்குச் செய்துவிட்டாள். கடையை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு உறையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பேருந்து ஓட்டுகிற அம்மாள் தைலத்தை மறந்துவிட்டு அவளைத் தன் வண்டியில் ஏற்றி, நிறுத்தமே இல்லாத இடத்தில், ஸ்டூடியோ வாசலில் இறக்கிவிட்டாள்.

மேலாளர் ஒலிக்கருவிகளுக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "வேண்டாம்னுட்டார்ம்மா. எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். தன்னோட சாமானை எடுத்துக்கிட்டு இருக்கார்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன அறையில் கணவர் தன் பிளாஸ்க்கையும் முதுகுக்கு வைக்கிற தலையணையையும் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கதவு பஞ்சு வைத்து அடைத்தது. இங்கே கத்தினால் அங்கே கேட்காது.

"அவர்கிட்ட நான் பேசணும்."

மேலாளர் ஒரு பொத்தானைக் காட்டினார். அதை அழுத்திக்கொண்டு பேசினால் உள்ளே ஒலிபெருக்கியில் கேட்கும். அவள் அழுத்தினாள். உறையிலிருந்து முதல் சீட்டை எடுத்தாள்.

"முதல் குற்றம். தபால்காரரின் தொண்டையில் யாரோ உப்புக்காகிதம் தேய்த்திருக்கிறார்கள்."

கணவர் நிமிர்ந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளைப் பார்த்தார்.

"ரெண்டாவது. நீள வசனங்களில் படியேறியவர் மாதிரி மூச்சு வாங்குகிறது. மூணாவது, சின்னக் கேள்விகள் முன்னைவிட நன்றாக இருக்கின்றன, ஆனால் விளக்கம் சரியில்லை." அவள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனாள். நாலாவது சீட்டு வருவதற்குள் அவர் பையைத் தரையில் வைத்துவிட்டார். அஞ்சாவதில் மேசைமேல் எதையோ தேடினார். ஆறாவதை அவள் வாசித்தபோது வசனத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பத்துச் சீட்டும் தீர்ந்து, வெற்றுச் சீட்டு மட்டும் அவள் கையில் மிஞ்சியது.

உள்ளேயிருந்து அவர் ஒலிவாங்கியில் பேசினார். அந்தச் சொரசொரத்த குரல் அறை முழுக்க வந்தது. "நீ என்ன எழுதினே?"

"நான் எழுதலை. இப்போ சொல்றேன். இருபத்தேழாவது நிமிஷம். எல்லாரையும் கூடத்துல உட்கார வச்சுட்டுப் பேசறப்போ, குரல் உடைஞ்சிடுமோன்னு பயந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் அவசர அவசரமா முடிக்கறீங்க. தபால்காரர் யாருக்கும் அவசரப்பட மாட்டார். குரல் உடைஞ்சா உடையட்டும். நின்னு மூச்சு வாங்கிட்டு மிச்சத்தைச் சொல்லுங்க. கொலைகாரன் காத்திருப்பான்."

அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை ஒருமுறை படித்தார். பிறகு மேலாளரைப் பார்த்து, "அந்த இடத்தை ஒருதரம் ஓட்டுங்க" என்றார்.

விளக்கு சிவந்தது. திரையில் அந்த ஆறடி அழகர் கூடத்தின் நடுவே வந்து நின்றார். கணவர் பேசத் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்தில் குரல் உடைந்தது. அவர் நிறுத்தி, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். படத்தின் உதடுகள் முன்னால் ஓடிவிட்டன, மேலாளர் படத்தை நிறுத்தவில்லை. காட்சி முடிந்தது.

"இப்போ?" என்று கேட்டார் கணவர்.

அவள் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே பொத்தானை அழுத்தினாள்.

"கடைசி வரியில இன்னும் அவசரம் இருக்கு" என்றாள். "மறுபடி."