முனியாண்டிக்குப் பூத்தண்ணி

எஸ்டேட் கணக்கெழுதும் அம்பிகைபாகன் கிராணி அவள் சாடியின் வேடுதுணியை அவிழ்த்து மூக்கை உள்ளே விட்ட அந்தச் சனிக்கிழமை மத்தியானமே, செக்ரோல் என்கிற ஆள் பேரேட்டில் தன் பேர் இனி இருக்காது என்று தாயம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பேர் போனால் வேலை போச்சு, லயத்து அறையும் போச்சு. புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். அசாம் ஜாவா எஸ்டேட்டைத் தாண்டினால் ஒரு பூனைகூட அவளுக்குச் சொந்தமில்லை.

அப்படி என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டாள்? சாயங்காலங்களில் கிராணி வீட்டுத் தோட்டத்துக்குச் சம்பளமில்லாமல் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள். அங்கே பூத்துக் கொட்டும் செம்பருத்தி, மல்லிகை, ஒரு பிடி துளசி, தட்டின இஞ்சி, சீனி. மலாய்க்காரர் கம்பத்தில் சோற்றைப் புளிக்கவைத்துத் தாப்பாய் செய்யப் போடும் மாவு வில்லை ஒன்றைப் பொடித்துத் தூவி, சாடியை வேடுகட்டிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருபத்தொரு நாள் வைத்தால் போதும். செக்கச்செவேலென்று ஒரு தண்ணீர் இறங்கும். நாளெல்லாம் புல் வெட்டி இடுப்பொடிந்த லயத்துப் பெண்கள் ஆளுக்கு அரை டம்ளர் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடுவார்கள். ஆம்பளைகளுக்குத் துரையே கள்ளுக்கடை வைத்துக் கொடுத்திருக்கிறார். பெண்களின் இடுப்பைப் பற்றி எந்தத் துரைக்குக் கவலை?

கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், மதுவிலக்குச் சங்கத்துக் காரியதரிசி. துரையின் கள்ளுக்கடையை மூடச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. தாயம்மா காலைப் பிடித்துக் கெஞ்சினாள். மனிதர் காலை இழுத்துக்கொண்டார். சாடியைச் சாட்சி என்று தூக்கிப்போய்த் தன் மேசைமேல் வைத்தார். திங்கட்கிழமை விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் துரை கையில் மனு, அதோடு அவள் பேர் வெட்டு. அதுதான் ஏற்பாடு.

ஞாயிறு காலை கிராணியின் மனைவி கோலா சிலாங்கூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கிராணி தனியாக உட்கார்ந்து மனு எழுதினார். ஒழுங்கான மனிதர், தெரியாததை எழுத மாட்டார். சரக்கில் போதை உண்டா இல்லையா என்று மனுவில் சொல்ல வேண்டுமே! செம்பருத்தி மறைவில் நின்று சன்னல் வழியாகத் தாயம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். முதலில் ஒரு தேக்கரண்டி. முகத்தைச் சுளித்தார், எழுதினார். சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது, இன்னொரு கரண்டி. அப்புறம் கரண்டி கைக்கு வாகாக இல்லையென்று டம்ளர். அடப்பாவி மனுஷா, அது ஆறு வீட்டுப் பொம்பளைகளுக்கு வைத்ததாயிற்றே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் முனியாண்டி கோயில் முன்னால் குடியின் கேடு பற்றி அவர் பிரசங்கம். வேட்டி, சால்வை எல்லாம் சரியாகத்தான் வந்தார். குடி குடியைக் கெடுக்கும் என்று ஆரம்பித்தார். அதையே நாலு தடவை சொன்னார். பிறகு ஆட ஆரம்பித்தார். கோயில் வாசல், சிவந்த கண், ஆடுகிற உடம்பு: பூசாரி சன்னாசிக்கு வேறென்ன தோன்றும்? உடுக்கையை எடுத்து அடித்தான். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ வேப்பிலையைக் கிராணி கையில் திணித்தார்கள். அதற்கப்புறம் ஆடினார் பாருங்கள், முப்பது வருஷமாகச் சாமியாடும் சன்னாசியே வாயைப் பிளந்தான்.

“எடியே தாயம்மா,” என்றது சாமி. “என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? சாடி முடிஞ்சு போச்சுது. இன்னுங் கொஞ்சம் கொண்டு வா.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முனியாண்டி யாழ்ப்பாணத் தமிழை எங்கே படித்தார் என்று சன்னாசிக்கு மட்டும் லேசாக ஓர் ஐயம். கப்பலேறி வந்த சாமிதானே, வழியில் அங்கே இறங்கியிருப்பார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

தாயம்மா முந்தானையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பயம் மட்டும் போகவில்லை. சாடி காலி, சரி. மனு இருக்கிறதே. கிராணி எழுதிக் கொடுத்தால் துரை சாட்சியா கேட்கப் போகிறார்?

மறுநாள் பெரட்டுக்குக் கிராணி வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். சட்டைப்பையில் மடித்த மனு எட்டிப் பார்த்தது. துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்டது. இனிப் பொறுத்தால் ஆகாது என்று தாயம்மா வரிசையை விட்டு வெளியே வந்து கைகூப்பினாள்.

“ஐயா, நேத்து முனியாண்டி சாமி என்கிட்ட பூத்தண்ணி கேட்டாரு. சாமி கேட்டா குடுக்காம இருக்கக்கூடாது. ஆனா அது சாமிதானுங்களா, இல்ல உள்ள போன வேற எதாச்சும் பேசுச்சுங்களா? ஐயாவே சொல்லிருங்க.”

வரிசை முழுக்கக் கைகூப்பி நின்றது. கிராணி திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி நின்றார். சாமி இல்லையென்றால், சங்கத்துக் காரியதரிசி கோயில் வாசலில் குடித்துவிட்டு ஆடினார் என்று ஆகிவிடும்.

“முனியாண்டிதான்,” என்றார்.

மனுவைப் பைக்குள்ளேயே கசக்கினார். செக்ரோலை விரித்துப் பேர் கூப்பிட்டார். வீரன், முருகையா, ரெங்கசாமி என்று வரிசையாகப் போய்க் கடைசியில் தாயம்மா என்றார். “இருக்கேனுங்க” என்று அவள் போட்ட சத்தம் ஆற்றங்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலம் அவள் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கிராணி பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

“அந்தச் சாமி கேட்டது… எத்தினை நாள் ஊற வேணும்?”

“இருபத்தோரு நாளுங்கய்யா,” என்றாள் தாயம்மா. “சீனி மட்டும் சாமி செலவு.”